உழுத வயலில் புதைமேடு தேடுவது எப்படி: வான்படம் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

புதைமேடு என்பது இறந்தவர்களைப் புதைத்து மேலே மண்ணைக் குவித்த பழங்கால மேடு. வான்படத்தில் அதைத் தேட உட்காருகிறவர்கள் முதலில் மேட்டைத்தான் தேடுகிறார்கள். விளைநிலத்தைப் பொறுத்தவரை அது வீண் வேலை. மூவாயிரம் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் குவித்த மண்ணை, அதற்குப் பின் வந்த எத்தனையோ தலைமுறை உழவு இழுத்து இழுத்துப் பரப்பி வயலோடு வயலாக்கிவிட்டிருக்கும். நீங்கள் தேட வேண்டியது மேட்டைச் சுற்றி வெட்டிய அகழியை. மேடு கட்ட மண் வேண்டும், அதைச் சுற்றிலும் வட்டமாகத் தோண்டி எடுத்து நடுவில் குவித்தார்கள். கலப்பை கீறுவது பொதுவாக 20 முதல் 30 செ.மீ. ஆழம்தான். அகழியோ அதற்கும் கீழே, சரளைக்குள்ளோ சுண்ணாம்புப் பாறைக்குள்ளோ இறங்கியிருக்கும், பல இடங்களில் ஒரு மீட்டரைத் தாண்டியும் போகும். அதனால் மேடு முழுக்கக் கரைந்த பிறகும் அகழி மண்ணுக்கடியில் அப்படியே கிடக்கிறது, வானிலிருந்து பார்த்தால் அது ஒரு வட்டமாகத் தெரிகிறது, ஆனால் எல்லா நாளும் தெரியாது.

அந்த ‘எல்லா நாளும் தெரியாது’ என்பதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது. எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதைவிட, எந்தத் தேதியில் எடுத்த படத்தைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். இங்கே சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்து, அயர்லாந்து, வடமேற்கு ஐரோப்பா பக்கத்து வயல்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் இந்த முறை வளர்ந்ததே அங்கேதான். யூரேசியப் புல்வெளிகளில் குர்கன் என்று அழைக்கப்படும் புதைமேடுகளுக்குச் சில விஷயங்கள் மாறும், அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பயிர் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது

வெட்டிய அகழி சும்மா கிடக்காது. ஓரம் சரிந்து, மழையில் மேல்மண் அடித்து வந்து, இலைதழை மக்கி, சில நூற்றாண்டுகளில் அது தூர்ந்துவிடும். அப்படித் தூர்ந்த மண் சுற்றியுள்ள சரளையையோ பாறையையோ விடப் பொலபொலப்பானது, ஈரத்தைப் பிடித்துவைக்கக் கூடியது. மழை நன்றாகப் பெய்யும் வரை மேலே உள்ள பயிருக்கு இந்த வேறுபாடு தெரியாது, எல்லாம் ஒரே பச்சையாக நிற்கும். மழை நின்று மேல்மண் காய ஆரம்பித்ததும், அகழிக்கு மேல் நிற்கும் பயிரின் வேர் கீழே உள்ள ஈரத்தைத் தொட்டுக்கொண்டு உயரமாக, கரும்பச்சையாக வளரும், பழுப்பதும் தாமதமாகும். பக்கத்தில் உள்ளது வாடி மஞ்சளாகும். மேலிருந்து பார்த்தால் வெளிர் வயலுக்குள் ஒரு கரும்பச்சை வளையம்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. மண்ணுக்கடியில் கல் சுவரோ கெட்டிப்பட்ட தளமோ இருந்தால் அதன்மேல் பயிர் குட்டையாக, வெளிறித் தெரியும். கல் குவித்துக் கட்டிய மேடுகளின் மிச்சம் சில நேரம் இப்படி வெளிர் வட்டமாக வரும். இதை மட்டும் வைத்துப் புதைமேடு என்று முடிவுகட்டுவது கடினம், எனக்கு அகழி வளையம்தான் நம்பகமானது.

பயிரிலும் வேறுபாடு இருக்கிறது. பார்லி எல்லாவற்றையும்விட நன்றாகக் காட்டும், அடுத்தது கோதுமை, ஓட்ஸ். தானியப் பயிர் நெருக்கமாகவும் சீராகவும் நிற்பதால் சிறு வேறுபாடுகூடத் துல்லியமாகத் தெரியும். சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சர்க்கரை பீட், உருளை போன்றவை தாமதமாகவும் மங்கலாகவும் காட்டும். புல்வெளி கடும் வறட்சி வந்தால்தான் வாய் திறக்கும், ஆனால் திறந்தால் மிக அழகாக இருக்கும்.

மண்ணும் அப்படித்தான். ஆற்றங்கரைச் சரளை மேடை, சுண்ணாம்புப் பாறை, மணல் ஆகியவை தண்ணீரைச் சீக்கிரம் வடியவிடுவதால் வேறுபாடு சீக்கிரம் தெரியும். கனத்த களிமண் நிலத்தில் தண்ணீர் எங்கும் தங்கியிருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இதை மறந்துவிட்டு, ‘இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய இருக்கிறது, அந்தக் களிமண் பகுதியில் ஆளே வாழவில்லை’ என்று வரைபடம் போட்டுவிடக் கூடாது. தெரியாததற்கும் இல்லாததற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. தேடும் பகுதியின் மண்வகை வரைபடத்தை முதலிலேயே திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தேதிப் படம்

தானியப் பயிர் கதிர் வாங்கி மணி பிடித்துப் பழுக்கத் தொடங்கும் காலம்தான் பொற்காலம். வடமேற்கு ஐரோப்பாவில் அது ஏறக்குறைய ஜூன், ஜூலை. அதிலும் ஒரு வயல் நன்றாகக் காட்டுவது சில வாரங்கள்தான், முற்றிலும் பழுத்துவிட்டால் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அந்தச் சில வாரங்களுக்கு முன் நல்ல வறட்சி இருந்திருக்க வேண்டும். பிரிட்டனுக்கு என்றால் 1976, 1995, 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் கோடைப் படங்களை முதலில் தேடுங்கள். 2018 ஜூலையில் அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டின் அருகே ஒரு வயலின் மேல் ஆந்தனி மர்ஃபியும் கென் வில்லியம்ஸும் டிரோன் பறக்கவிட்டபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு பெரிய வட்ட அமைப்பு பயிரில் அச்சு அசலாகத் தெரிந்தது. அது உலகமே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாரம்பரியச் சின்னத்தின் பக்கத்து வயல், அத்தனை காலம் அங்கேதான் இருந்தது. அந்த ஆண்டு வறட்சி வந்ததால் தெரிந்தது.

கூகுள் எர்த்தின் டெஸ்க்டாப் பதிப்பில் பழைய படங்களைப் புரட்டிப்பார்க்கும் கடிகாரக் குறி இருக்கிறது அல்லவா, அதுதான் உங்கள் முக்கியமான கருவி. ஒரு வயலை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற எல்லாத் தேதிகளையும் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒன்பது படத்தில் வெறும் பச்சை இருக்கும், பத்தாவதில் மூன்று வளையம் எழுந்து நிற்கும். திரையின் கீழே காட்டும் தேதியைக் கண்மூடித்தனமாக நம்பாதீர்கள், படங்கள் பல நாள்களில் எடுத்துத் தைக்கப்பட்டவை, பக்கத்துப் பக்கத்து வயல்களே வெவ்வேறு மாதத்தைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். நடுவே நேர்கோடாக நிறம் மாறினால் அது தையல்.

சென்டினல்-2 போன்ற இலவசச் செயற்கைக்கோள் படங்களின் ஒரு படப்புள்ளி 10 மீட்டர். 20 மீட்டர் வளையம் அதில் தெரியவே தெரியாது. ஆனால் எந்த மாதம், எந்த வயல் வாடியது என்பதை அறிந்துகொள்ள அது அருமையானது: அதில் வாட்டம் தெரிகிற வாரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்தை ஒட்டிய துல்லியப் படம் எங்காவது இருக்கிறதா என்று தேடலாம்.

பயிர் இல்லாத மாதங்கள்

அறுவடை முடிந்து புதிதாக உழுத வயலில் மண்ணே நிறம் காட்டும். சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் இது கண்ணைப் பறிக்கும்: கரைந்துபோன மேட்டின் உடல் வெள்ளைத் திட்டாகவும், அதைச் சுற்றித் தூர்ந்த அகழி கரும்பழுப்பு வளையமாகவும் தெரியும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், வெள்ளைத் திட்டு ஒவ்வோர் ஆண்டும் பளிச்சென்று ஆகிறது என்றால் கலப்பை இப்போதும் மேட்டின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இடம் அழிந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவற்றை முதலில் தெரிவிக்க வேண்டும். மழை பெய்து ஓரிரண்டு நாள் கழித்து எடுத்த படமும் நல்லது, ஏனென்றால் அகழி மண் கடைசியாகக் காயும்.

உறைபனியும் மெல்லிய பனிப்பொழிவும் இருக்கும் நாட்களில் அகழிக்கு மேல் பனி முன்போ பின்போ உருகி வளையம் காட்டும். அந்த நேரத்தில் யாராவது விமானத்தில் இருந்திருக்க வேண்டும், அதனால் அபூர்வம்.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில் தவறான நம்பிக்கையோடு வருகிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் உழவு படாத மேடு என்றால் தாழ்ந்த வெயிலில் நல்ல நிழல் விழும். ஆனால் உழுத வயலில் 30 செ.மீ. உயரம் மட்டும் மிஞ்சி 30 மீட்டர் அகலத்துக்குப் பரவிய மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை 15 மீட்டர், அதில் 30 செ.மீ. இறக்கம், அதாவது சரிவு ஏறக்குறைய 1 பாகைதான். வெயில் அதைவிடக் கீழே இறங்கினால் ஒழிய நிழலே விழாது. கிடைப்பதெல்லாம் வெயிலைப் பார்த்த பக்கம் ஓர் இழை வெளிச்சம், மறுபக்கம் ஓர் இழை மங்கல். அதனால் கறுப்பான நிழலைத் தேடாமல், வழவழப்பான ஒரு வெளிச்ச மாற்றத்தைத் தேடுங்கள். செயற்கைக்கோள் படங்கள் பெரும்பாலும் உள்ளூர் நேரம் காலை பத்தரை மணி வாக்கில் எடுக்கப்படுவதால் கோடைப் படத்தில் இது கிடைக்காது. தென் இங்கிலாந்தின் அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் நண்பகல் வெயிலே 15 பாகை அளவுதான் ஏறும் என்பதால் குளிர்காலப் படங்களைப் பாருங்கள்.

நிழல் பார்க்கும்போது மேடு குழியாகவும் குழி மேடாகவும் தெரிகிற கண்மாயம் ஒன்று உண்டு. வடக்கு மேலே இருக்கும்படி வைத்த படத்தில், வட அரைக்கோளத்தில், வெயில் கீழிருந்து வருகிறது. நம் கண்ணோ வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். படத்தைத் திருப்பி, நிழல் உங்களை நோக்கி விழும்படி வைத்துப் பாருங்கள், உடனே சரியாகிவிடும். பக்கத்தில் உள்ள மரத்தின் அல்லது வீட்டின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் குழப்பமே வராது.

என்ன வடிவம், என்ன அளவு

வளையம் கண்ணில் பட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை அளப்பது. அளவுகோல் கருவியை எடுத்து, வெளி விட்டம், அகழியின் அகலம் இரண்டையும் எழுதுங்கள். வெண்கலக் காலத்து வட்டப் புதைமேடுகள், அதாவது பிரிட்டனில் பெரும்பாலும் கி.மு. 2200 முதல் கி.மு. 1500 வரை கட்டியவை, 10 மீட்டரிலிருந்து 40 மீட்டர் வரை விட்டம் இருக்கும், 15 முதல் 30 மீட்டர் வரையுள்ளவை மிகச் சாதாரணம். அகழி இரண்டு முதல் நான்கு மீட்டர் அகலத்தில், விளிம்பு தெளிவாக, வட்டம் ஏறக்குறைய முழுமையாக வரும். ஒரே மேட்டை இரண்டாம் முறை பெரிதாக்கியிருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் தெரியும், இது எனக்கு மிகவும் பிடித்த அடையாளம், ஏனென்றால் இயற்கையில் இப்படி அமைவது மிக அரிது. நடுவில் ஒரு சிறு கரும்புள்ளி இருந்தால் அது புதைகுழியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பல புதைகுழிகள் ஆழம் குறைவு என்பதால் உழவிலேயே போய்விட்டிருக்கும், ஆகவே புள்ளி இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

அதற்கு முந்தைய புதிய கற்காலத்து நீள் புதைமேடுகள் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் இணையாக ஓடும் இரண்டு அகழிகள், அல்லது ஒரு முனை மூடிய நீண்ட லாட வடிவம், ஒரு முனை அகன்று மறுமுனை குறுகி. நீளம் 30 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை. வில்ட்ஷயரில் உள்ள வெஸ்ட் கென்னட் மேடு ஏறக்குறைய 100 மீட்டர். அகன்ற முனை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் பார்த்திருக்கும், ஆனால் அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிழக்கு யார்க்‌ஷயரில் இரும்புக் காலத்துப் புதைமேடுகள் சதுரமாக இருக்கும். பக்கம் 5 முதல் 15 மீட்டருக்குள் அடங்கும் சின்னச் சதுரங்கள், நடுவில் குழியின் புள்ளி, அதுவும் ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில் நெருக்கமாக. அங்கே மட்டும் வட்டத்தையே தேடிக்கொண்டிருந்தால் முழு மயானத்தையும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

புதைமேடு தனியாக இருப்பது குறைவு. ஒன்று கிடைத்தால் அரை கிலோமீட்டர் சுற்றளவில் ஒவ்வொரு வயலையும், ஒவ்வொரு தேதியிலும் பார்த்துவிடுங்கள். அவை வரிசையாகவோ கொத்தாகவோ வரும். ஆற்றுச் சரளை மேடையின் ஓரம், குன்றின் உச்சியைவிடச் சற்றே கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் வானத்தோடு ஒட்டித் தெரியும் இடம், இவை அடிக்கடி கிடைக்கும் இடங்கள். ஊர் எல்லைகள் பழைய மேடுகளைக் குறியாக வைத்துப் போடப்பட்டிருப்பதால், எல்லைக்கோடு காரணமே இல்லாமல் மடங்கும் இடத்தையும் பாருங்கள். வரப்போ வேலியோ சின்னதாக வளைந்து எதையோ சுற்றிப் போகிறது என்றால், அல்லது பெரிய வயலின் நடுவே உழாமல் விட்ட ஒரு மரக்கொத்து நிற்கிறது என்றால், அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

வட்டமாகத் தெரிவதெல்லாம் புதைமேடு அல்ல

பொறுமை தேவைப்படும் இடம் இது. வட்டம் என்பது மனிதர்களும் மாடுகளும் காளான்களும் எந்திரங்களும் எளிதாகப் போடக்கூடிய வடிவம்.

புல்லில் காளான் வளையம் வரும், சாதாரணமாகத் தானியப் பயிரில் வராது. அதன் விளிம்பு தெளிவில்லாமல், கால் வட்டம் அரை வட்டமாக, ஒன்றோடு ஒன்று மோதிக் கிடக்கும். முக்கியமாக அது வளரும். ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு படத்தை அளந்தால் விட்டம் மாறியிருக்கும். அகழி நகராது, விட்டமும் மாறாது. இந்தச் சோதனை ஒன்றே நிறையப் பொய்களை வடிகட்டிவிடும்.

மாடுகளுக்குத் தீனி வைக்கும் வட்டத் தொட்டியைச் சுற்றி மிதிபட்ட வளையம் சில மீட்டர்தான் இருக்கும், அடுத்த படத்தில் தொட்டி வேறு இடத்துக்குப் போயிருக்கும். குதிரையைக் கயிற்றில் கட்டிச் சுற்றவைத்துப் பழக்கும் இடம் 15, 20 மீட்டர் அளவில் அசல் புதைமேடு போலவே இருக்கும், ஆனால் பண்ணைவீட்டுக்குப் பக்கத்தில், புல்லில், பாதையோடு சேர்ந்திருக்கும். டிராக்டர் திரும்பிய தடத்தை, மருந்தடிக்கும் வண்டியின் இணைச் சக்கரக் கோடுகளோடு சேர்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். நடுவில் சுழலும் பெரிய பாசனக் கருவியின் வட்டம் பல நூறு மீட்டர், அதை யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

கடினமானவை பழைய மனிதர்கள் போட்ட மற்ற வட்டங்கள். இரும்புக் காலத்து வட்ட வீட்டைச் சுற்றித் தண்ணீர் வடிய வெட்டிய ஓடையும் வளையமாகத்தான் தெரியும். அது பெரும்பாலும் 8 முதல் 15 மீட்டர், கோடு மெல்லியது, ஒரு பக்கம் வாசலுக்காக விட்டுப்போயிருக்கும், சுற்றிலும் வேலி அகழிகளும் குழிகளும் சிதறிக் கிடக்கும். அதாவது குடியிருப்பின் சூழல் இருக்கும். புதைமேடோ பெரும்பாலும் வெறும் நிலத்தில் தன் கூட்டத்தோடு நிற்கும். இடைக்காலக் காற்றாலைகள் நின்ற மேட்டைச் சுற்றியும் வட்ட அகழி உண்டு, அதற்குள் ஆலையின் அடித்தளக் கட்டைகள் பதித்த சிலுவை வடிவக் குழி தெரிந்தால் முடிவு செய்துவிடலாம். சில நேரம் பழைய புதைமேட்டின் மேலேயே ஆலையை நட்டிருக்கிறார்கள், அப்போது இரண்டும் உண்மை. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக்கும் தேடொளி விளக்குக்கும் போட்ட வட்டங்களைப் பிரிக்க ஒரே வழி பழைய படம்: பிரிட்டனின் பெரும்பகுதியை அரசு விமானப்படை 1940களில் செங்குத்தாகப் படமெடுத்திருக்கிறது, அதில் பார்த்தால் கொட்டகைகளும் பாதைகளும் அப்படியே இருக்கும்.

இயற்கையும் சும்மா இல்லை. பனியுகத்தில் நிலம் உறைந்து வெடித்த பிளவுகள் சரளை நிலத்தில் பல்கோண வலைபோலத் தெரியும், அதன் ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டு வளையம் என்று சொல்லலாம்போல இருக்கும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் வலை முழுதும் தெரிந்துவிடும். சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான குழிகள் உள்ளே இடைவெளி இல்லாத முழுக் கரும்திட்டாக இருக்கும், வளையமாக இருக்காது. பழைய ஆற்றுத் தடங்கள் வளைந்து நெளிந்து அகலம் மாறி மாறிப் போகும்.

இதில் எல்லாம் ஆறுதலான ஒரு வரலாறு சொல்ல வேண்டும். ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடகிழக்கே ஒரு வயலில் இருந்த வட்டத்தை, உழுது சிதைந்த பெரிய புதைமேடு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1925 டிசம்பரில் விமானப்படை அதிகாரி கில்பர்ட் இன்சால் மேலே பறக்கும்போது வட்டத்துக்குள் வெண்புள்ளிகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் கோதுமை வளர்ந்து நின்றபோது எடுத்த படத்தில் புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்களாகத் தெளிவாக வந்தன, தோண்டிப் பார்த்தால் மரத்தூண் நட்ட குழிகள் ஆறு நீள்வட்டங்களாக அமைந்திருந்தன. இன்று அதை உட்ஹெஞ்ச் என்கிறோம். குளிர்கால மண் கொஞ்சம் சொன்னது, கோடைப் பயிர் மிச்சத்தைச் சொன்னது, அதன் பிறகும் மண்ணைத் தோண்டித்தான் உறுதியானது. இன்சாலுக்குச் சற்று முன், 1924இல், தொல்லியலாளர்களான ஓ.ஜி.எஸ். கிராஃபர்டும் அலெக்சாண்டர் கெய்லரும் தென் இங்கிலாந்தின் மேல் இதற்காகவே பறந்து படமெடுத்தார்கள். அவர்கள் காலத்திலிருந்தே வழக்கம் இதுதான்: திரும்பத் திரும்ப, வெவ்வேறு பருவத்தில் பார்ப்பது.

படத்தை எப்படிக் கையாள்வது

முதலில் முழுத் திரையையும் பெரிதாக்காமல், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலம் தெரிகிற அளவில் வைத்து, வயல் வயலாக வரிசை தப்பாமல் நகருங்கள். மிகவும் நெருங்கினால் படப்புள்ளிகள்தான் தெரியும், வளையம் கண்ணுக்குப் பிடிபடாது. சந்தேகம் வந்தால் மட்டும் நெருங்கி அளந்துவிட்டு மறுபடி பின்வாங்குங்கள். பார்த்து முடித்த கட்டத்தையெல்லாம், ஒன்றும் கிடைக்காவிட்டாலும், தேதியோடு குறித்துவையுங்கள்.

படத்தைச் சேமித்து ஏதாவது ஒரு படத்திருத்த மென்பொருளில் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற அடுக்குகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சுவதால் வாடிய பயிருக்கும் வாடாத பயிருக்கும் உள்ள வேறுபாடு சிவப்பு அடுக்கில் கூடுதலாகத் தெரியும். அப்புறம் ஒளிமாறுபாட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். அளவுக்கு மீறி ஏற்றினால் எந்த வயலிலும் எதையாவது பார்க்க முடியும், அது நம் ஆசை வரைகிற வட்டம். திருத்தாத படத்திலும் ஒரு கீற்றாவது தெரிகிறதா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது என் வழக்கம், தெரியாவிட்டால் ‘ஐயம்’ என்றே எழுதுவேன்.

விமானத்திலிருந்து சாய்வாக எடுத்த படம் என்றால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், அதை நேரடியாக அளக்கக் கூடாது. வயல் மூலை, பாதைச் சந்திப்பு என நாலைந்து இடங்களை வரைபடத்தோடு பொருத்திச் சீராக்கிய பிறகே அளக்க வேண்டும். கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

லைடார் தரவு கிடைக்கும் நாடுகளில் அதையும் சேர்த்துப் பாருங்கள். விமானத்திலிருந்து லேசர் அடித்து நிலத்தின் உயரத்தை அளக்கும் முறை அது. இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நெதர்லாந்து, டென்மார்க்கிலும் அப்படியே. கண்ணுக்கும் நிழலுக்கும் சிக்காத அந்த 30 செ.மீ. உயரப் பரவல் மேடு லைடாரில் மெல்லிய தோசைபோலத் தெரிந்துவிடும். மென்பொருள் அந்த உயரத் தரவின் மேல் காட்டும் செயற்கை வெளிச்சத்தை ஒரே திசையிலிருந்து போடாமல் பல திசையிலிருந்து போட்டுப் பாருங்கள், மேட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்து உயர வரைபடமும் எடுங்கள். பயிரில் வளையம், அதே இடத்தில் லைடாரில் மேடு, இரண்டும் பொருந்திவிட்டால் அதைவிட வலுவான சான்று தோண்டாமல் கிடைக்காது. உழவு மும்முரமான வயலில் லைடார் வெறுமையாகவே இருக்கும், பயிர் மட்டும் பேசும். அதனால் ஒன்று இல்லை என்பதற்காக மற்றதைத் தள்ளிவிட வேண்டாம்.

குர்கன் தேடுகிறவர்களுக்கு

உக்ரைன், தென் ரஷ்யா, கசகஸ்தான் பக்கம் உள்ள கரிசல் வயல்களில் நிலைமை கொஞ்சம் எளிது. மேல்மண் கறுப்பு, அடிமண் வெளிர் மஞ்சள். மேட்டை உழுது உழுது அடிமண் மேலே வந்துவிட்டதால், உழுத வயலில் ஒவ்வொரு குர்கனும் ஒரு வெளிர் திட்டாக, சில நேரம் கரும்வளையத்தோடு, நீர்ப்பிரிவு மேட்டின் மேல் கொத்துக் கொத்தாகத் தெரியும். பெரியவற்றைக் கலப்பை சுற்றிப் போயிருப்பதால் வயலுக்கு நடுவே புல்தீவாக நிற்கும். இங்கே பழைய படம் பொன்: அமெரிக்கா 1960 முதல் 1972 வரை எடுத்து, 1995இல் வெளியிட்ட கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களில், பின்னர் அழிந்துபோன மேடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் நல்லவற்றின் துல்லியம் ஏறக்குறைய 2 மீட்டர், 20 மீட்டர் திட்டுக்கு அது போதும். இன்றைய படத்தில் ஒரு மேடும், 1960களின் படத்தில் அதே இடத்தில் ஐந்தும் இருந்தால், ஐந்தையும் பதியுங்கள்.

கண்டுபிடித்த பிறகு

முதலில் அது ஏற்கெனவே பதிவானதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தொல்சின்னப் பதிவேடு உண்டு, வான்படத்திலிருந்து வரைந்த வரைபடங்களை, பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து இணையத்தில் வைத்திருக்கிறது. மற்ற நாடுகளில் அந்தந்தத் தொல்லியல் துறை. பெரும்பாலும் பதிவாகியிருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் தெரிந்த புதைமேடுகள் வெவ்வேறு ஆண்டில் எப்படித் தெரிகின்றன என்று பார்த்துப் பழகுவதுதான் கண்ணைத் தேற்றும் சிறந்த பயிற்சி.

வயலுக்குப் போக வேண்டும் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மண்வெட்டியோ உலோகங்காணியோ கூடவே கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதி இல்லாமல் உலோகங்காணி பயன்படுத்துவது பிரிட்டனில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், அது யாரோ தங்கள் மனிதரைப் படுக்கவைத்த இடம். இதே காரணத்தால், பதிவாகாத புதிய இடத்தின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் போடாமல் பதிவேட்டுக்காரர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். புதையல் வேட்டைக்காரர்களும் படம் பார்க்கிறார்கள்.

அனுப்பும் குறிப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை, வெளி விட்டம், அகழி அகலம், எந்தப் பயிர், பக்கத்தில் வேறென்ன தெரிகிறது, எந்தப் பொய் வட்டங்களை எந்தக் காரணத்தால் விலக்கினீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். ‘வெண்கலக் காலப் புதைமேடு’ என்று எழுதாமல் ‘வட்ட அகழி, புதைமேடாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்று எழுதுங்கள். படம் காலத்தைச் சொல்லாது, ரோமர் காலத்திலும் அதற்குப் பின் ஆங்கிலோ-சாக்சன் காலத்திலும் கூட வட்ட அகழியோடு மேடு எழுப்பியிருக்கிறார்கள். தெரிந்த படம், தெரியாத படம் இரண்டையும் இணைத்து, இரண்டின் தேதியையும் படம் எங்கிருந்து எடுத்தது என்பதையும் தவறாமல் எழுதுங்கள். தேதி இல்லாமல் போனால் பதிவேட்டில் இருப்பவரால் அதே படத்தைத் திரும்ப எடுத்துச் சரிபார்க்க முடியாது, குறிப்பு அங்கேயே நின்றுவிடும்.